சிநேகிதனை முதன்முதல் பனிமலைக்குக் கூட்டிப் போகும் மகனுக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும். நீ கேட்டது சின்னக் கேள்விதான். உன் அலுவலகத்தில் கூட வேலை செய்கிற பிரபு, சென்னையிலிருந்து வந்து இன்னும் ஒரு பனிக்காலம்கூட முழுதாகப் பார்க்காத பிள்ளை, இந்தச் சனிக்கிழமை முதன்முதலாகப் பனிச்சறுக்குக்கு வருகிறான். அவனை எந்த மலைக்குக் கூட்டிப் போகலாம், உங்கள் கூட்டம் வழக்கமாகப் போகிற பெரிய மலைக்கே ஏற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டாய். "அங்கையும் பழகிறாக்களுக்கு ஒரு பக்கம் இருக்கு அப்பா. அவன் அதிலை நிக்கட்டும், நாங்கள் மேலை ஒருக்காப் போட்டு வருவம்" என்றாய். நான் கவனம் என்றேன். அதற்கு நீ சிரித்தாய். "பயப்பிடாதேங்கோ, அவன் குணம் மாமா மாதிரி இல்லை. சொல்வழி கேக்கிற ஆள்." அந்த இடத்தில்தான் நான் அடுப்பில் ஏதோ எரிகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் எரியவில்லை.

"குணம் மாமா மாதிரி" என்பது என் சிநேகிதன் குணத்தின் பெயரால் நம் வீட்டில் வழங்கும் பழமொழி. நீயும் அக்காவும் பனி உறைந்த படியில் ஓடினால் அம்மா சொல்வாள்: "குணம் மாமா மாதிரி விழப்போறியள்." அக்கா பனிக்கால டயர் மாற்றாமல் காரை எடுக்க நின்றபோது நான் சொன்னேன். நீ கணக்குப் பாடத்தை விட்டுவிட்டுப் படம் பிடிக்கப் படிக்கப் போகிறேன் என்றபோதும் நான் அதையே சொன்னேன், நினைவிருக்கிறதா? சொல்வழி கேளாதவன், தன் எண்ணத்துக்கு நடந்து தானே கெட்டவன் என்று அதற்கு அர்த்தம். இப்போது பிறத்தியாரும் அதைச் சொல்கிறார்கள். போன வருடம் ஒரு பிறந்தநாள் விழாவில், குணத்தின் முகமே தெரியாத ஒருவன் அதைச் சொல்லிப் பலமாகச் சிரித்தான். மூன்று மேசை தள்ளிக் குணம் இருந்தான். சோற்றைக் குழைத்துக்கொண்டு இருந்தான், நிமிரவில்லை. அந்தப் பழமொழியைக் கட்டிவிட்டவன் நான். அது பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்தது போதாதென்று அந்தச் சோற்றை ஊருக்கெல்லாம் பரிமாறினேன். உனக்குத்தான் அதிகம் பரிமாறினேன்.

குணம் உனக்கு நொண்டிக்கொண்டு வருகிற ஒரு மாமாவாக மட்டும்தான் நினைவிருக்கும். அதற்கு முந்தியவனை நான் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் ஒரே ஆண்டு வந்தவர்கள். மொன்ட்ரியாலில், லாசால் பகுதியில் நிலவறை வீடு ஒன்றில் ஐந்து பேர் இருந்தோம், அதில் நானும் அவனும் ஓர் அறை. நான் பண்டகசாலையில் பெட்டி தூக்கினேன், அவன் நகரத்துக்குள் ஓர் இத்தாலிய உணவகத்தில் பாத்திரம் கழுவத் தொடங்கி மூன்று வருடத்தில் அடுப்புக்கு வந்துவிட்டான். கை வேகம் அப்படி. என் அகதி வழக்கு விசாரணை நடந்த அன்று, உள்ளே வர விடமாட்டார்கள் என்று தெரிந்தும், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வாசலில் கிடந்த மர வாங்கில் பின்னேரம் வரை இருந்தான். நீ பிறந்த அன்று எனக்கு வேலைத்தலத்தில் தகவல் கிடைக்கவே நேரமாகிவிட்டது. உன் அம்மாவைத் தன் பழைய காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன். பிரெஞ்சில் தாதிகளோடு சண்டை பிடித்து அறை வாங்கிக் கொடுத்தவனும் அவன். உன்னை என்னைவிட முதலில் கையில் வாங்கியவன் அவன் என்று அம்மா விளையாட்டாகச் சொல்வாள். விளையாட்டு இல்லை, உண்மைதான்.

நான் பனிச்சறுக்குப் பழகிய கதை உனக்குத் தெரியும், நான் அதைச் சொல்லாத விருந்து இல்லையே. நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இருக்கிற ஒரு குட்டி மலையில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், இரண்டு பனிக்காலம் விழுந்து எழும்பிப் பழகினேன். வேலைத்தலத்தில் மிஷெல் என்றொருவன், எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளன், அவன்தான் முதலில் கூட்டிப்போனான். அங்கே ஊர்கிற பட்டி ஒன்று இருக்கும், அதில் ஏறி நின்றால் மெதுவாக மேலே கொண்டுபோய் விடும். எந்தப் பக்கத்தால் சறுக்கினாலும் ஒரே கட்டடத்தின் வாசலில்தான் வந்து நிற்பாய். தொலையவே முடியாது. அந்தப் பட்டியில் நின்ற ஒரே கறுத்த மனிதன் நான். மீசை வைத்த குழந்தை மாதிரி நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் பழகினேன். பழகியதும் தலை கனத்துவிட்டது. நம்மவர்களில் பனி கொட்டினால் வீட்டுக்குள் அடைந்து கிடந்து திட்டுகிறவர்கள்தான் அதிகம், நான் அதில் சறுக்குகிறவன் என்ற பெருமை. குணம் அதை வாய் பிளந்து கேட்பான். ஒருநாள் கேட்டான்: "மச்சான், என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவன். எது நல்ல மலை?"

எது நல்ல மலை என்று அவன் கேட்டான் பார், அதே கேள்வியைத்தான் நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். அவனுக்கு எந்த மலை நல்லது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் பழகிய அந்தக் குட்டி மலைதான். அதைச் சொல்ல வாய் திறந்தேன், சொல்லவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் மிஷெலும் இன்னும் இரண்டு பேரும் தாங்கள் போகிற பெரிய மலைக்கு என்னை வரச்சொல்லிக் கேட்டிருந்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் அவர்களோடு பெட்டி தூக்கினேன். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்து என்னைத் தாண்டிப் பேசுகிறவர்கள், முதல் தடவையாக என்னையும் ஓர் ஆளாக எண்ணிக் கூப்பிட்டார்கள். அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. குணத்தையும் தள்ள முடியாது. ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "பெரிய மலைதான்டா நல்லது, சின்ன மலையிலை என்ன கிடக்கு, சின்னப்பிள்ளையள் சறுக்கிறது" என்றேன். என் வசதிக்கு ஒரு மலையைத் தெரிந்தெடுத்துவிட்டு, அவன் நன்மைக்கு என்று அவனிடமே சொன்னேன். தம்பி, இதை மெதுவாக இன்னொரு தடவை வாசி.

இரண்டாவது பிழை நம்மவர்களுக்கென்றே எழுதிவைத்த பிழை. அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றரை மணித்தியாலப் பாடம் ஒன்று உண்டு, சப்பாத்து, சறுக்குப் பலகை, ஆசிரியர் எல்லாம் சேர்த்துத்தான் தருவார்கள். குணம் வாசல் அறிவிப்பில் எழுதியிருந்ததைத் தானே வாசித்துவிட்டு, "இதிலை சேருவமோ?" என்றான். நான் சிரித்தேன். "நான் இருக்கேக்கை உனக்கு வெளியாள் என்னத்துக்கு? நான் காட்டித் தாறன்." நாம் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்து பழகினவர்கள். கார் ஓட்டப் பழக்குவது தெரிந்த ஆள், வருமான வரிப் படிவம் நிரப்புவது தெரிந்த ஆள், குளியலறையில் தண்ணீர் ஒழுகினால் வருவதும் தெரிந்த ஆள். தெரிந்த ஆள் இருக்கும்போது வெளியாளிடம் போனால் அது தெரிந்தவனை அவமதித்த மாதிரி. அதனால் குணம் மறுபேச்சுப் பேசவில்லை. என்னை அவமதிக்கக் கூடாது என்று பார்த்தான், பாவி. சப்பாத்து இரவல் எடுக்கும்போதும் ஊரில் பிள்ளைகளுக்கு வாங்குவது போல ஓர் அளவு கூட எடுக்கச்சொன்னேன், தடித்த காலுறை போடலாம் என்று. சறுக்குச் சப்பாத்துக் காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நீ திரும்ப நினைக்கும்போது கால் மட்டும் உள்ளே திரும்பும், பலகை திரும்பாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவசரத்தில் யோசிக்கவில்லை. மிஷெல் ஆட்கள் வெளியே காத்துக்கொண்டு நின்றார்கள்.

முந்தின நாள் மழை பெய்து பிறகு உறைந்திருந்தது. இந்த ஊர் மழை எப்படி உறையும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. புதிதாகப் பழகுகிறவனை அப்படிப்பட்ட நாளில் எந்த மலைக்கும் கொண்டுபோகக் கூடாது, குட்டி மலைக்குக்கூட. அடிவாரத்தில் அவனுக்கு ஒரு இருபது நிமிடம் காட்டினேன். இரண்டு பலகையின் முனையையும் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டு, பீட்சாத் துண்டு மாதிரி, அதுதான் பிரேக் என்றேன். "பீட்சா எனக்கு நீ சொல்லித் தரத் தேவையில்லை" என்று பகிடி விட்டான். நாளொன்றுக்கு நூறு சுடுகிறவன் அல்லவா. நான்கு தடவை விழுந்தான், ஐந்தாம் தடவை விழாமல் நின்றான். அவ்வளவுதான் பழகினது. "இனி மேலை போவம், மேலை பச்சை வட்டம் போட்ட பாதை ஒண்டு இருக்கு, அது லேசு" என்றேன். அவன் மலையை அண்ணாந்து பார்த்தான். "நீ நிப்பாய்தானே?" என்று கேட்டான். "பின்னை?" என்றேன்.

மேலே காற்று முகத்தை அறுத்தது. பச்சைப் பாதையின் தொடக்கத்தில் குணம் இரண்டு கோலையும் ஊன்றிக்கொண்டு நின்றான், கீழே ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தான். நான் கொடுத்த என் பழைய பச்சை ஜக்கெற் போட்டிருந்தான். மிஷெல் மற்றப் பக்கத்துப் பாதையைக் காட்டி, வருகிறாயா, ஒரு சுற்றுத்தான் என்று பிரெஞ்சில் கேட்டான். நான் குணத்தைப் பார்த்தேன். அவன், "நீ போ மச்சான், அவங்கள் காவல் நிக்கிறாங்கள். நான் மெல்ல மெல்ல வாறன்" என்றான். அந்த வார்த்தையை நான் இருபத்திரண்டு வருடமாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவன்தானே போகச்சொன்னான்! நம்மவர்களில் எவன் தன்னால் ஒருவனுக்குக் கரைச்சல் என்று கண்டால் "நீ போ" என்று சொல்லமாட்டான்? விருந்துக்கு வந்தவன் வயிறு காய்ந்தாலும் "காணும், காணும்" என்று கையால் இலையை மறைப்பது போலத்தான் அது. அதைக் கேட்டுச் சோற்றுச் சட்டியை மூடிக்கொண்டு போகிறவன் மனிதனா? நான் போனேன்.

ஒரு சுற்று முடித்துக் கீழே வந்தேன். கட்டடத்துக்குள் எட்டிப் பார்த்தேன், அவன் இல்லை. இன்னும் இறங்கியிருக்கமாட்டான் என்று நினைத்தேன். அவனைத் தேடி நான் மேலே பச்சைப் பாதைப் பக்கம் போயிருக்கலாம். மிஷெல் ஆட்கள் நாற்காலி லிஃப்ட் வரிசையில் இடம் பிடித்துவிட்டுக் கை காட்டினார்கள். மறுபடியும் அவர்களோடு ஏறினேன். பாதித் தூரம் போயிருக்கும். பச்சைப் பாதை ஒரு வளைவில் செங்குத்தான பாதை ஒன்றோடு தொடுகிற இடம் லிஃப்டுக்கு நேர் கீழே வரும். அங்கே சிவப்புச் சட்டை போட்ட மலைக் காவலர்கள் இரண்டு பேர் காயக்காரரை இறக்குகிற சறுக்குக் கட்டிலோடு முழந்தாளில் இருந்தார்கள். கட்டிலில் ஓர் ஆளைக் கம்பளியால் சுற்றிக்கொண்டு இருந்தார்கள். பச்சை ஜக்கெற். வளைவில் திரும்ப முடியாமல் அந்தச் செங்குத்துக்குள் போயிருக்கிறான். அது என் ஜக்கெற் என்று கண்ட உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மிஷெலும் குனிந்து பார்த்தான். "அது உன்ரை சிநேகிதன் இல்லையா?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஓம் என்றால் அந்த நாள் அதோடு முடிந்தது. ஓம் என்றால், தன் ஆளைத் தனியே விட்டுவிட்டு வந்தவன் என்று அந்த மூன்று பேருக்கும் தெரிந்துவிடும். இரண்டும்தான் காரணம், எது முந்தியது என்று எனக்கே தெரியாது. அந்த லிஃப்டிலிருந்து நடுவழியில் இறங்க முடியாது, அது மேலேதான் கொண்டுபோகும், அதையும் ஒரு சாட்டாக வைத்திருந்தேன். ஆனால் மேலே போனதும் நேரே அந்த வளைவுக்கு இறங்கியிருக்கலாம். அவர்கள் இடப்பக்கம் திரும்பினார்கள், நானும் இடப்பக்கம் திரும்பினேன். முழுச் சுற்றும் சறுக்கி முடித்துவிட்டுத்தான் கீழே வந்து, முதலுதவி அறையைத் தேடுகிறவன் மாதிரி ஓடினேன். அவன் கட்டிலில் கிடந்தான், காலில் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்கையடா போனனி? பச்சைப் பாதையாலை வா எண்டெல்லோ சொன்னனான்!" அவன் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அதையே ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ரஞ்சியிடமும் சொன்னேன்: "சொன்னால் கேட்டால்தானே தங்கச்சி, தன்ரை எண்ணத்துக்குப் போனவன்." அடுத்தநாள் சாப்பாட்டு மேசையில் உன் அம்மாவுக்கும் உங்களுக்கும் சொன்னேன். ஒரு தடவை சொல்லிவிட்டால் பொய் பிறகு தானாகவே நடக்கும்.

கீழ்க்கால் எலும்பு முறிவு பொருந்திவிட்டது. முழங்கால் பொருந்தவில்லை. இரண்டு தடவை வெட்டினார்கள். பத்து மணித்தியாலம் அடுப்படியில் நிற்கிற வேலை அதோடு போயிற்று. அந்த ஆண்டு அவனைத் தலைமைச் சமையல்காரனாக்க இருந்தார்கள், அது உனக்குத் தெரியாது. இப்போது மொன்ட்ரியால்-நோரில் யாரோ ஒருவரின் தெப்பனரில், அந்த மூலைக்கடையில், உயரக் கதிரையில் இருந்து பாலும் பியரும் விற்கிறான். நாங்கள் கர்க்லாண்டில் முற்றத்தோடு வீடு வாங்கினோம். அவன் வாடகை வீட்டில் இருக்கிறான், மாடி, வெளியே வளைந்து ஏறுகிற இரும்புப் படி. பனிக்காலத்தில் அந்தப் படியில் எப்படி இறங்குகிறான் என்று பார்த்தால் நீ உன் பழமொழியைச் சொல்லமாட்டாய். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில், ஒவ்வொரு படிக்கும் ஒரே காலை முதலில் வைத்து இறங்குகிறான். செவ்வாய்க்கிழமை பார்த்தேன்.

நீ போன் எடுத்து மூன்றாம் நாள் அங்கே போனேன். இத்தனை வருடம் போகாதவனை உன் ஒரு வார்த்தை கொண்டுபோய் விட்டது. நான் போனபோது அவன் படிக்கு உப்புத் தூவிக்கொண்டு இருந்தான். என்னைக் கண்டு, "என்ன, ஆரும் செத்ததோ?" என்றான். மேலே கூட்டிப்போனான். ரஞ்சி, "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி போடுறன்" என்று உள்ளே போனாள். அவள் திரும்பி வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன், அதிலும் கோழைத்தனம்தான். குணம், அண்டைக்கு உன்னை லிஃப்டிலை இருந்து கண்டனான், கண்டும் இல்லை எண்டு சொன்னனான் என்றேன். அவன் ஆச்சரியப்படவில்லை. மேசையில் கிடந்த பத்திரிகையை மடித்து ஓரமாக வைத்தான்.

"தெரியும்" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. "ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லுறது? என்னை மல்லாத்தித்தானே கிடத்தினவங்கள். ஒவ்வொரு கதிரையாப் பாத்துக்கொண்டு கிடந்தனான், நீ ஏதாவதொண்டிலை வருவாய் எண்டு. வந்தனி. என்னைப் பாத்தனி. பேந்து மற்றப் பக்கம் திரும்பினனி."

நான் அழுதேன் தம்பி. அவன் அழவில்லை. மன்னிச்சுக்கொள் மச்சான் என்றேன். அவன் தன் காலைத் தடவினான். "கால் போனதுக்கு நான் உன்னோடை கோவிக்கேல்லை. விழுந்தவன் நான்தான். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுவாய் எண்டு ரெண்டு வருசம் பாத்துக்கொண்டு இருந்தனான். பேந்து விட்டிட்டன். இப்ப எனக்கு என்னத்துக்கு? எனக்குத் தெரிஞ்சதையே எனக்கு வந்து சொல்லுறாய். நீ ஆருக்குப் பொய் சொன்னியோ அவைக்குப் போய்ச் சொல்லு." ரஞ்சி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். மூவரும் குடித்தோம். காலநிலையைப் பற்றி இரண்டு வார்த்தை கதைத்தோம். நான் எழும்பியபோது "படி வழுக்கும், பாத்துப் போ" என்றான், அவ்வளவுதான். கட்டிப்பிடிப்பான், ஏசுவான், ஏதாவது ஒன்று செய்வான் என்று எதிர்பார்த்துப் போனேன். கேட்டவுடன் தூக்கித் தர அவனிடம் மன்னிப்பு மிச்சம் இருக்க வேண்டும் என்று நினைத்தேனே, அதைத்தான் இப்போதும் தாங்க முடியவில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். வாசித்துவிட்டு அக்காவிடம் கொடு. இதுவரை எழுதியதை அம்மா உனக்கு முந்தியே வாசித்துவிட்டாள். நேற்றிலிருந்து என்னோடு பேச்சில்லை, பேச்சில்லாமல் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. உன்னைப் பெற்ற அன்று தன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவனை அவளும் அல்லவா இத்தனை நாள் பகிடி பண்ணினாள், என்னை நம்பி. உன் கூட்டத்தில் யாருக்கும் இதைக் காட்டலாம், எனக்கு மறுப்பில்லை. அந்தப் பிறந்தநாள் விழாக்காரனுக்கு நானே போய்ச் சொல்கிறேன்.

இனி உன் கேள்விக்குப் பதில். உனக்கு முப்பத்தொரு வயது, உன்னைப் போல நான் சறுக்கவும் மாட்டேன், அந்தத் துணிவில் நீ என்னை மதிக்காமல் விடலாம். இருந்தாலும் கேள். பிரபுவைக் குட்டி மலைக்குக் கூட்டிக்கொண்டு போ. பட்டி இருக்கிற மலை, எல்லாப் பாதையும் ஒரே வாசலில் வந்து முடிகிற மலை. வெள்ளிக்கிழமை மழை பெய்தால் போகவே வேண்டாம், அடுத்த வாரமும் மலை அங்கேதான் நிற்கும். பாடத்தில் சேர்த்துவிடு. "நான் காட்டித் தாறன்" என்று உன் வாயில் வரும், விழுங்கிவிடு. நன்றாகச் சறுக்குகிறவன் நல்ல வாத்தியார் என்று எந்தச் சட்டமும் இல்லை. சப்பாத்து இறுக்கமாக இருக்கிறதா என்று நீயே குனிந்து பார். மத்தியானத்தோடு அவன் களைத்துவிடுவான், களைத்தேன் என்று சொல்லமாட்டான், நீதான் நிறுத்த வேண்டும். போன மாதம் பொங்கலுக்கு நம் வீட்டுக்கு வந்தபோது குளிருக்கு எல்லாம் பழகிவிட்டாயா என்று அவனைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது அங்கிள், உங்க பையன் இருக்காருல்ல, அவரு பாத்துப்பாரு" என்றான். உன்னை நம்பி வருகிற பிள்ளை. இந்த நாட்டில் அவனுக்கு வேறு ஆள் இல்லை. "நீங்க போங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று அவன் நிச்சயமாகச் சொல்வான். அவன் வாய்தான் அதைச் சொல்லும்.

உன் கூட்டாளிகள் சிரிப்பார்கள். சின்னப்பிள்ளைகள் மலையில் ஒரு சனிக்கிழமையை வீணாக்கினான் என்பார்கள். உண்மைதான், உனக்கு அந்த நாள் வீண்தான், உனக்குச் சறுக்க ஒன்றும் இருக்காது. அப்படி ஒரு நாளை வீணாக்க அன்று எனக்கு மனம் வரவில்லை. நீ என் பிள்ளை, முகம் மட்டும் என்னுடையது என்றால் பரவாயில்லை, "மேலை ஒருக்காப் போட்டு வருவம்" என்று நீ சொன்னபோது குரலும் என்னுடையதாகவே கேட்டது. நான் பயந்தது அதற்குத்தான்.

சனிக்கிழமை பின்னேரம் எனக்குப் போன் எடு. எந்த மலைக்குப் போனாய், எத்தனை தடவை இறங்கினாய் என்றெல்லாம் நான் கேட்கமாட்டேன். பிரபு விழுந்தபோது நீ எங்கே நின்றாய் என்று மட்டும் கேட்பேன்.

அப்பா